வாசலைப் பார்த்து நின்றவர்

முசியே கச்சேரி கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் இசை விழாவைத் தொடங்கியவர் அவர். சாகும்வரை அதன் செயலாளரும் அவர்தான். ஆனால் மேடையில் யார் பாடினாலும் அவர் முகம் மேடைப் பக்கம் திரும்பாது. இடதுபுறப் படிகளுக்குக் கீழே, பாடுகிறவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி வாசலையே பார்த்து நிற்பார். புதிதாக வருகிறவர்கள் அவரைக் காவலாளி என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் செருப்பை எங்கே விடுவது என்று அவரிடமே கேட்டார். முசியே மரியாதையாக இடத்தைக் காட்டினார்.

அவர் தேடியது ஜவுளிக்கடைப் பையை. அதற்குள் பொன்னாடை இருக்கும். நம் ஊர்களில் கச்சேரி நடுவே ஒரு பெரிய மனிதர் வந்துவிட்டால் பாட்டு நின்றுவிடும். அவர் மேடையேறுவார், யாருக்காவது பொன்னாடை போர்த்துவார், அல்லது யாராவது அவருக்குப் போர்த்துவார்கள். இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று இருநூறு வார்த்தை பேசுவார். போட்டோ எடுப்பார்கள். பாடுகிறவர் மடியில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதை யாரும் தப்பென்று நினைப்பதில்லை. முசியே நினைத்தார்.

நான் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு தை மாதம், சென்னையில் சீசன் முடிந்து பாடகர்களெல்லாம் கொஞ்சம் கம்மிய தொண்டையோடு எங்கள் ஊருக்கு வருகிற நாட்களில், பெரிய மார்க்கெட்டில் சாமான் வாங்கிவிட்டு அப்படியே ஸ்கூட்டரைத் திருப்பி விழாவுக்குப் போனேன். மேடைப் பக்கத்திலிருந்து ஒரு மனிதர் வாசலுக்கு வந்து குறுக்கே நின்றார். வெள்ளைச் சட்டை, முகச்சவரம் செய்த நீண்ட முகம், தோளில் துண்டு கிடையாது.

"பையில என்னா?"

"ஜாக்கெட் துணி சார்."

"காட்டு."

எனக்குக் கோபம் சுர்ரென்று வந்தது. பிரித்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். ஜரிகை இல்லை.

"போ. பாட்டு நடுவுல பேசாத."

"நீங்கதான் இப்ப பேசிக்கிட்டு இருக்கீங்க."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். சிரிப்பாரோ என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அடுத்த வருடம் விழாக் குழுவில் சேரச் சொல்லி ஆள் விட்டார். "சண்டை போடத் தெரிஞ்ச ஆள் ஒண்ணு வேணும்" என்று காரணம் சொன்னாராம். நான் துணைச் செயலாளர் ஆன கதை அவ்வளவுதான்.

முசியே பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மாணவர்கள் ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசியே என்றார்கள், அவர்களைப் பார்த்துப் பால்காரரும் ஆட்டோக்காரர்களும் முசியே என்றார்கள். அவர் மனைவி மதாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கோயிலுக்குப் பூசை காணப் போவார்கள். மாதா கோயிலுக்குப் போகிறவருக்குக் கீர்த்தனை எதற்கு என்று ஒருவர் கேட்டதற்கு, "ஆண்டவர் ரெண்டு காது குடுத்திருக்காருங்க, ஒண்ண மூடி வச்சிக்க முடியுமா" என்றார். ஒரு சண்டையில் தன் பக்கத்தைச் சொல்லி முடித்ததும் "ஃபினி" என்பார், முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் அந்தப் பேச்சு கிடையாது, எழுந்து போய்விடலாம்.

எங்கள் விழாவின் வரலாற்றை விழா மலரில் அழகாக அச்சடித்திருக்கிறார்கள். கலை வளர்த்தது, செம்மல்கள் ஆதரித்தது என்று போகும். உண்மையான வரலாறு வேறு. முசியே எந்தெந்த மண்டபத்திலிருந்து துரத்தப்பட்டார் என்பதுதான் அது. ஓர் அரிசி வியாபாரி வீட்டு மாடியில் ஆரம்பித்து, கூட்டம் சேர்ந்ததும் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனது. அதன் தர்மகர்த்தாவைக் கச்சேரி நடுவே மேடையேற விடாததால் அங்கிருந்து ஒரு பள்ளிக்கூட அரங்கத்துக்குப் போனது. அந்த அரங்கம் கைவிட்டுப் போனபோது நான் பக்கத்திலேயே இருந்தேன்.

அரங்கத்துக்கு அனுமதி தரும் அதிகாரி வந்தார். பின்னால் உதவியாளர், அவர் கையில் பை. உள்ளே வயலின்காரர் தனியாக ராகம் வாசித்துக்கொண்டிருந்தார். முசியே நடைபாதையின் நடுவில் போய் நின்றார்.

"பாட்டு முடியட்டும் சார்."

"எனக்குப் பத்து நிமிஷத்துல வேற நிகழ்ச்சி இருக்கு."

"அப்ப அங்க போய்ட்டு வாங்க சார்."

அதிகாரியின் காது சிவந்தது. கடைசி வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி திரும்பிப் போனார். அடுத்த வருடம் கேட்டபோது அரங்கத்தில் ரிப்பேர் வேலை நடக்கிறது என்றார்கள். அந்த ரிப்பேர் இன்னும் முடியவில்லை.

இதையெல்லாம் வறட்டுப் பிடிவாதம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்று அதிகாரி போன பிறகு முசியேவின் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. சண்டையில் ஜெயித்தவரின் முகம் இல்லை அது. இந்த மனிதர் எதற்கோ பயப்படுகிறார் என்று அன்றுதான் தோன்றியது. பிடிவாதக்காரரோடு வேலை செய்துவிடலாம். எதற்கென்று தெரியாமல் பயப்படுகிறவரோடு ஒவ்வொரு சாயங்காலமும் நிற்பது கஷ்டம்.

கடைசியாகக் கிடைத்தது கோரிமேடு போகும் சாலையில் ஒரு புது மண்டபம். ஏ.சி. உண்டு, வாடகை கிடையாது. அதன் சொந்தக்காரர் லாரித் தொழிலில் முன்னுக்கு வந்தவர். தன்னைக் குழுவுக்குத் தலைவராக ஆக்கினால் போதும் என்றார், ஆக்கினோம். பக்கத்துப் பெரியாஸ்பத்திரியில் நோயாளிகளைச் சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கிறவர்கள் சாயங்காலம் வந்து குளிர்ச்சியில் உட்காருவார்கள். கூடையோடும் பிளாஸ்க்கோடும் இருப்பார்கள். பாதிப் பேர் தூங்குவார்கள். தலைவருக்கு அது பிடிக்கவில்லை. முசியே அவர்களை ஒன்றும் சொன்னதில்லை.

ஒருநாள் அப்படி வந்திருந்த விழுப்புரத்துப் பக்கத்து மனிதர் ஒருவரின் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. எழுந்திருக்கவும் பயம், உட்காரவும் முடியவில்லை. மேடைப் படிகளுக்குக் கீழே நிற்கும் முசியேவையே பார்த்தார். முசியே நேராக அவரிடம் போய், கையைப் பிடித்து எழுப்பி, பாட்டு நடுவே அத்தனை பேரும் பார்க்க வெளியே அழைத்துக்கொண்டு போனார். தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு உடன் போய்விட்டு வந்தார்.

"உங்க சட்டம் என்னா ஆச்சு முசியே?" என்று கேட்டேன்.

"போறவங்கள நான் எப்ப தடுத்தேன்? நிறுத்துறவங்களத்தான் தடுக்கிறேன்."

காரணத்தை மதாம்தான் சொன்னார். அழைப்பிதழ்க் கட்டு கொடுக்க வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் தம்புராவோடு உட்கார்ந்திருக்கும் புகைப்படம் இருந்தது.

"இவுங்க யாரு மதாம்?"

"எம் பொண்ணு. பிரான்சுல இருக்கா."

"பாடுவாங்களா?"

"பாடுனா" என்றார் மதாம்.

பிறகு மீன் கழுவிக்கொண்டே மெல்லச் சொன்னார். அந்தக் கல்யாண மண்டபத்தில் மகளின் முதல் கச்சேரி. தோடி ராகத்தை எடுத்து நன்றாகப் பாடிக்கொண்டிருந்தாள். தர்மகர்த்தா வந்தார். செயலாளர் என்ற முறையில் முசியேதான் மேடையேறினார். மகளுக்கு முன் கையை உயர்த்தி, "ஒரு நிமிஷம் மா" என்றார். அவள் முன்னாலிருந்த மைக்கையே கழற்றித் தர்மகர்த்தாவிடம் கொடுத்தார். பேச்சு முடிந்தபோது அடுத்த கச்சேரிக்கு நேரமாகிவிட்டது. மங்களம் பாடி முடித்துவிடு என்றார்கள். அவள் மங்களம் பாடினாள், தம்புராவை உறையில் போட்டாள். அதற்குப் பிறகு குளிக்கும்போதுகூட முணுமுணுத்து மதாம் கேட்டதில்லை. கல்யாணமாகிப் பாரீஸ் பக்கம் போய்விட்டாள். அடுத்த வருடம் அதே தர்மகர்த்தாவைத்தான் முசியே மேடையேற விடாமல் மறித்தார்.

"அவ ஒண்ணும் கோச்சுக்கல. கோச்சுக்கிட்டிருந்தா பரவால்ல" என்றார் மதாம். "வருஷா வருஷம் போன் பண்ணி, இந்த வருஷமும் மண்டபம் போச்சா பான்னு கேப்பா. சிரிப்பா. இவரும் சிரிப்பாரு. போனை வச்சிட்டு சாப்பிட மாட்டாரு."

அவரது கடைசி விழாவின் முதல் நாள் காலை தலைவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"முசியேவுக்கு எழுபத்தஞ்சு ஆவுது மேடம். நம்ம மரியாத பண்ணலன்னா வேற யாரு பண்றது? கடைசில வச்சா ஜனம் பஸ் புடிக்க ஓடிடும். பெரிய வித்வான் பாடுறப்ப நிறுத்த முடியாது. முன்னாடி அந்தச் சின்னப் பொண்ணு பாடுது இல்ல, அதுல நடுவுல வச்சிக்கலாம்."

"அவருக்குப் பிடிக்காது சார். உங்களுக்கே தெரியும்."

"தனக்குன்னு வந்தா எல்லாருக்கும் பிடிக்கும். அவருகிட்ட சொல்லிடாதீங்க, சர்ப்ரைஸா இருக்கட்டும்."

தலைவர் கெட்டவர் இல்லை. பொன்னாடையைத் தானே கடைக்குப் போய் எடுத்திருந்தார். நான் நேராக முசியேவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலி வரிசைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. வேணாம்னு சொல்லிடுங்க முசியே."

"சொன்னா மண்டபம் போய்டும். அப்புறம் எங்க வைக்கிறது, சொல்லு."

அவர் சண்டை போடாத மண்டபம் ஊரில் மிச்சம் இல்லை. இந்த முறை விழாவே நின்றுவிடும். அவர் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். ஃபினி என்று சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. வரிசையை நேராக்கிக்கொண்டே நகர்ந்து போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பாடவிருந்த பெண் வைத்திக்குப்பத்துக்காரி. முதல் கச்சேரி. சொந்தக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்து மூன்று வரிசைகளை நிறைத்துவிட்டார்கள். அன்று கடலுக்குப் போகாத அவள் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அம்மா பட்டுப்புடவையில், மகளைப் பார்ப்பதும் பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். முசியே அன்று தன் இடத்தில் நிற்கவில்லை. தலைவர் வற்புறுத்தி முதல் வரிசையில் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். பொன்னாடைப் பையை என் கையில் கொடுத்திருந்தார்கள். முசியே ஒரு முறை திரும்பி அந்தப் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பையில் என்ன என்று கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

அவள் இரண்டு சின்ன உருப்படிகள் பாடி, காம்போதி ராகத்தை எடுத்தாள். முதலில் குரல் ஒட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் விட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். ராகம் மேலே ஏற ஆரம்பித்தது. தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்காரர்களில் ஒரு கிழவர் தலையை நிமிர்த்தினார். தலைவர் கைப்பேசியில் மணி பார்த்தார். நிகழ்ச்சித் தொகுப்பாளருக்குக் கண் காட்டினார். நான் முசியேவின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

தொகுப்பாளர் மேடையேறி, குனிந்து, "ஒரு நிமிஷம் மா" என்றார். மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றினார். அவள் கண்ணைத் திறந்தாள். மைக் இல்லாத சின்னக் குரலில் பாதியில் நின்ற பிடியை, அந்தச் சின்ன ராகத் துணுக்கை மட்டும் பாடி, நிறுத்தினாள். வயலின்காரர் வில்லை இறக்கினார். சுருதிப் பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது, அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் சபையில் அப்பாவைத் தேடினாள். அவர் இது வழக்கம்தான் போல என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார். அவளும் மடியில் கை வைத்துச் சிரித்தாள்.

முசியேவின் சொந்தப் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். அந்தப் பெயரை அன்றுதான் முதல்முறை கேட்டவர்கள் நிறைய. அவரைத் தெரிந்தவர்கள் கைதட்டவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்தார். படியேறினார். தலைவர் என்னிடமிருந்து பையை வாங்கிப் பொன்னாடையை விரித்தார். முசியே தலையைக் குனிந்தார்.

அந்தக் குனிந்த தலையை என்னால் பார்க்க முடியவில்லை. ஓர் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் இப்படிப் போய் நிற்க வேண்டுமா என்று கோபம்தான் வந்தது. கழுத்தில் மாலை விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். தலைவர் பேசினார், பேசினார், முசியேவின் தியாகத்தைச் சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே கம்மியது. அடுத்துப் பாடவேண்டிய வித்வான் பக்கவாட்டில் வந்து நின்று மணிக்கட்டைப் பார்த்தார். தொகுப்பாளர் அந்தப் பெண்ணிடம் குனிந்து ஏதோ சொன்னார். மங்களம் என்ற சொல்லை அவர் உதட்டில் படித்தேன்.

"இப்போது முசியே அவர்கள் ஏற்புரை" என்று சொல்லித் தலைவர் மைக்கை நீட்டினார்.

முசியே வாங்கினார். சபையைப் பார்த்தார். மைக் பொன்னாடையில் உரசி ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்டது. திரும்பி அந்தப் பெண்ணிடம் போனார். பொன்னாடையும் மாலையுமாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் குனிந்தார். மைக்கை ஸ்டாண்டில் பொருத்தினார். அவள் வாய்க்கு நேராக உயரத்தைச் சரிசெய்தார். அவள் எதிரிலேயே மேடைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வாசல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"நீ இன்னும் முடிக்கல மா" என்றார். அது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. "விட்ட எடத்துலேர்ந்து பாடு."

அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் கையில் காகிதத்தோடு நின்றிருந்தார். தொகுப்பாளரைப் பார்த்தாள். கடைசியில் எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். அவளும் மூடிக்கொண்டாள். முதல் பிடி தடுமாறியது. இரண்டாவது நின்றது. தலைவர் படியிறங்குவது யார் கண்ணிலும் படவில்லை. ராகம், கீர்த்தனை, ஸ்வரம், மங்களம் எல்லாம் பாடினாள். பெரிய வித்வான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முசியே ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

"அடுத்த வருஷம் வேற எடம் பாத்துக்கங்க மேடம்" என்றார் தலைவர், வாசலில் காரில் ஏறும்போது. கோபத்தைவிட வருத்தம்தான் அதில் அதிகம். எனக்கும் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் அதைச் சொல்லத்தான் முசியே வீட்டுக்குப் போனேன். மதாம் கதவைத் திறந்து, உதட்டில் விரல் வைத்து, கூடத்தைக் காட்டினார். முசியே கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, அதன்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் சொந்தக்காரர் யாரோ எடுத்த வீடியோ எப்படியோ பாரீஸ் வரைக்கும் போயிருந்தது.

"இந்த வருஷமும் மண்டபம் போச்சா பா?"

"போச்சு மா." நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மகள் சிரித்தாள். இவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று அவர் கைப்பேசியைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு முழுசா முடிச்சாளா?"

"முடிச்சா மா. மங்களம் வரைக்கும்."

மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஈரமாக இருந்தது.

"எனக்கும் நீ மைக்க திருப்பி வச்சிருக்கலாம் பா" என்றாள் மகள்.

முசியே இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் வைத்தார்.

"வச்சிருக்கலாம் மா" என்றார்.